சேலத்து ரோட்டரி கூட்டமும் நலப்பணிகளும்: திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

பல தொழில்காரர்கள் கூடி ஊருக்கு நலப்பணி செய்யும் உலக அமைப்பு ரோட்டரி. சேலத்தில் அதன் கிளப் ஒன்றில் செயலாளராக இருந்தவன் என்பதால், கல்யாணப் பந்தி முதல் டீக்கடை பெஞ்ச் வரை எங்கே உட்கார்ந்தாலும் யாராவது கிளப்பைப் பற்றி ஏதாவது கேட்பார்கள். கேட்பவர்கள் மாறினாலும் கேள்விகள் பெரும்பாலும் அதேதான். அதனால் அவர்கள் கேட்டபடியே எழுதிப் பதிலும் போட்டுவிட்டேன். ஒவ்வொரு கிளப்பிலும் பழக்கம் கொஞ்சம் மாறும், அடிப்படை விதிகள் எல்லோருக்கும் ஒன்று.

ரோட்டரியும் லயன்ஸும் ஒண்ணுதானே சார்? போர்டு மட்டும்தானே வேற?

இல்லை, இரண்டும் தனித்தனி அமைப்புகள். பிறந்த ஊர் மட்டும் ஒன்று. 1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வக்கீல் மூன்று பேரோடு கூடிப் பேசியதில் தொடங்கியது ரோட்டரி. 1917-ல் அதே ஊரில் மெல்வின் ஜோன்ஸ் என்ற இன்சூரன்ஸ்காரர் முன்னின்று தொடங்கியது லயன்ஸ். 1925-ல் லயன்ஸ் மாநாட்டில் ஹெலன் கெல்லர் பேசும்போது பார்வையற்றோருக்காக உழைக்கச் சொல்லிக் கேட்டார், அதிலிருந்து கண் சார்ந்த வேலை என்றாலே லயன்ஸ் பெயர் முன்னால் வரும். ரோட்டரிக்குப் போலியோ அப்படி.

போர்டைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டுமானால், பல் சக்கரம் இருந்தால் ரோட்டரி (24 பல், 6 ஆரம், சந்தேகம் இருந்தால் எண்ணிப் பார்க்கலாம்), இரண்டு பக்கமும் சிங்க முகம் இருந்தால் லயன்ஸ். இது தவிர இளைஞர்களுக்கு ஜேசிஸ், பள்ளி வகுப்பறை கட்டிக் கொடுப்பதில் பெயர் வாங்கிய ரவுண்ட் டேபிள், பெண்களுக்கு இன்னர் வீல் என்று ஊரில் நிறைய உண்டு. ஒன்றில் இருப்பவருடைய தம்பி இன்னொன்றில் இருப்பார். போட்டி இருக்கிறது, பகை கிடையாது.

வாரா வாரம் கூடி அப்படி என்னதான் பண்றீங்க?

வாரா வாரம் கூடித்தான் ஆக வேண்டும் என்ற பழைய கட்டாயம் இப்போது இல்லை. 2016-ல் விதியைத் தளர்த்தி, மாதம் இரண்டு கூட்டமாவது இருந்தால் போதும் என்று விட்டார்கள். சில கிளப்புகள் பழக்கத்தை விடாமல் வாரம் ஒருமுறையே கூடுகின்றன.

கூட்டம் சாயந்திரம் ஏழரை மணி என்று போட்டிருப்பார்கள், எட்டுக்குத்தான் நாற்காலி நிறையும், சேலத்தில் இதற்கெல்லாம் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. தலைவர் மணி அடிப்பார், இறைவணக்கம் இருக்கும், நான்கு கேள்விச் சோதனை வாசிப்பார்கள், அந்த வாரம் பிறந்தநாள், கல்யாணநாள் வந்தவர்களுக்கு வாழ்த்து. அப்புறம் செயலாளர் எழுந்து நடந்த வேலை, நடக்கப்போகிற வேலை, வந்த கடிதங்கள் எல்லாவற்றையும் சொல்வார். விருந்தினர் ஒருவர் இருபது நிமிடம் பேசுவார். சிறுநீரக டாக்டராகவும் இருக்கலாம், ஜவ்வரிசி ஆலை நடத்துபவராகவும் இருக்கலாம், வருமான வரி ஆலோசகராகவும் இருக்கலாம். நன்றியுரை, தேசிய கீதம், சாப்பாடு.

உண்மையான வேலை இந்த வரிசையில் எங்கே நடக்கிறது என்று கேட்டால், செயலாளர் பேசும் பத்து நிமிடத்திலும் சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் அரை மணியிலும்தான். "கன்னங்குறிச்சிப் பக்கம் முகாம் போடணும், ஹால் யாருக்குத் தெரியும்?" என்று ஒருவர் கேட்பார், தயிர் சாதத்தோடு நிற்கும் இன்னொருவர் மண்டபக்காரருக்கு அங்கேயே போன் போட்டுவிடுவார். தட்டு கழுவப் போவதற்குள் தேதி முடிவாகிவிடும்.

அந்த நாலு கேள்வின்னு எதையோ ஒப்பிக்கிறீங்களே, அது என்ன?

சொல்வதும் செய்வதும் உண்மையா, சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் நியாயமா, நல்லெண்ணமும் நட்பும் வளர உதவுமா, எல்லோருக்கும் நன்மை தருமா. இவ்வளவுதான். 1932-ல் ஹெர்பர்ட் டெய்லர் என்பவர் திவாலாகும் நிலையில் இருந்த ஓர் அலுமினியப் பாத்திரக் கம்பெனியை எடுத்து நடத்தும்போது தன் ஆட்களுக்காக எழுதியது, பிறகு ரோட்டரி அதை வாங்கிக்கொண்டது. வியாபாரிக்காக எழுதப்பட்டது என்பதால் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கடைக்காரருக்கும் லீ பஜார் மண்டிக்காரருக்கும் சட்டென்று பிடிபடும். எல்லோரும் அதன்படி நடக்கிறார்களா என்று கேட்காதீர்கள்.

மணி, மாலை, பொன்னாடை, நினைவுப் பரிசு... இதெல்லாம் தேவையா?

மணி தேவை, இல்லாவிட்டால் அரட்டை நிற்காது. பொன்னாடை விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நானும். மேடையில் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து, பன்னிரண்டு பேருக்கும் துண்டு போர்த்தி, ஒவ்வொருவருக்கும் போட்டோ எடுத்து முடிப்பதற்குள் முகாமுக்கு வந்த முதியவர்கள் வெயிலில் காய்வதைப் பல இடங்களில் பார்க்கலாம். சில கிளப்புகள் இப்போது துண்டுக்குப் பதில் ஒரு புத்தகமோ மரக்கன்றோ கொடுத்து முடித்துக்கொள்கின்றன. அதையும் ஒவ்வொருவருக்காகக் கொடுத்தால் நேரம் மிச்சமாகாது, அது வேறு கதை.

பணக்காரங்க கிளப்தானே? என்னை மாதிரி ஆளெல்லாம் சேர முடியுமா?

மனு போட்டுச் சேர்வதைவிட, ஏற்கெனவே இருக்கும் ஓர் உறுப்பினர் உங்களை முன்மொழிந்து சேர்ப்பதுதான் வழக்கம். ஒரே தொழில்காரர்கள் குவிந்துவிடாமல் பல தொழில்களில் இருந்தும் ஆள் வேண்டும் என்பது பழைய கொள்கை. அதனால் ஐந்து ரோடு பகுதியில் ஏற்கெனவே நாலு நகைக்கடைக்காரர் இருக்கும் கிளப்புக்கு ஓர் எலக்ட்ரீஷியனோ பள்ளி ஆசிரியரோ வந்தால் இரண்டு கையும் நீட்டி வரவேற்பார்கள், வரவேற்க வேண்டும்.

சந்தா உண்டு. அதில் ஒரு பங்கு உலகத் தலைமையகத்துக்கு, ஒரு பங்கு ரோட்டரி மாவட்டத்துக்கு (அரசு மாவட்டம் அல்ல, பல கிளப்புகள் சேர்ந்த ரோட்டரியின் சொந்தப் பிரிவு), மீதி கிளப் செலவுக்கு. கிளப்புக்குக் கிளப் தொகை மிகவும் மாறும், ஓட்டலில் கூடும் கிளப்பின் சந்தாவும் பள்ளி வகுப்பறையில் கூடும் கிளப்பின் சந்தாவும் ஒன்றாக இருக்காது. சேரும் முன் ஆண்டுக்கு மொத்தமாக எவ்வளவு ஆகும், பதவியேற்பு விழா, மாநாடு என்று தனியாக வசூல் உண்டா என்று கேட்டுவிடுங்கள். கேட்டதற்கு முகம் சுளிக்கிறவர்கள் இருந்தால் வேறு கிளப் பாருங்கள். வயது 18 ஆகிவிட்ட கல்லூரிப் பிள்ளைகளுக்கு ரோட்டராக்ட் இருக்கிறது, பள்ளிப் பிள்ளைகளுக்கு இன்டராக்ட். செலவு மிகக் குறைவு, வேலை அதிகம்.

பொம்பளைங்க சேரலாமா, இல்ல புருஷன்கூட வந்து சாப்பிட்டுட்டுப் போகத்தானா?

சேரலாம். 1989 வரை விதியில் ஆண்கள் மட்டும் என்றுதான் இருந்தது, அந்த ஆண்டு உலகம் முழுக்க நீக்கினார்கள். 2022-23-ல் ஜெனிபர் ஜோன்ஸ் என்ற பெண் உலகத் தலைவராகவே இருந்தார்.

நம் ஊர்ப் பக்கம் உறுப்பினரின் மனைவியை 'ஆன்' என்றும் பிள்ளைகளை 'ஆனெட்' என்றும் சொல்வது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அழைப்பிதழிலேயே போடுவார்கள். அதைக் கேட்டுத்தான் பலர் பெண்கள் விருந்தாளிகள் மட்டும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பெண் டாக்டரும் பெண் வக்கீலும் உறுப்பினராக இருக்கும் கிளப்பில், 'ஆன்ஸ் எல்லாரும் கோலப் போட்டிக்கு வாங்க' என்று மைக்கில் கூப்பிடும்போது யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று எனக்கே குழப்பமாக இருக்கும்.

தொடர்ந்து வர முடியலைன்னா தூக்கிடுவாங்களா?

தொடர்ச்சியாகப் பல கூட்டம் வராமல், காரணமும் சொல்லாமல் இருந்தால் நீக்க விதி இருக்கிறது. ஆனால் வெளியூர் போன இடத்தில் அங்கேயுள்ள கிளப் கூட்டத்தில் உட்கார்ந்துவிட்டு வந்தால் அதுவும் வருகைக் கணக்குதான். முகாமில் வேலை செய்வதையும் சேர்த்துக்கொள்வார்கள். கூட்டத்துக்குத் தவறாமல் வந்து முகாமுக்கு ஒருநாளும் வராதவரைவிட, கூட்டத்துக்கு வராமல் முகாமில் நாற்காலி அடுக்குகிறவர் கிளப்புக்கு லாபம்.

நன்கொடைப் பணத்துலதானே நீங்க ராத்திரி சாப்பாடு சாப்பிடறீங்க?

நேராகக் கேட்டதற்கு நன்றி. பலர் முதுகுக்குப் பின்னால்தான் கேட்கிறார்கள். கூட்டச் சாப்பாடு உறுப்பினர் சந்தாவிலிருந்தோ, அன்று பிறந்தநாள் வந்தவர் ஏற்றுக்கொள்வதிலிருந்தோ வர வேண்டும். பொதுமக்கள் கொடுத்த நன்கொடை தனிக் கணக்கில் இருக்க வேண்டும், அதில் ஒரு டீ கூட வாங்கக் கூடாது. ஒழுங்கான கிளப்பில் நிர்வாகக் கணக்கு ஒரு வங்கிப் புத்தகம், நலப்பணிக் கணக்கு இன்னொரு புத்தகம்.

இதைச் சோதிக்க ஒரு சுலபமான வழி உண்டு. நன்கொடை கேட்டு வருகிறவரிடம் காசோலையை எந்தப் பெயரில் எழுதவேண்டும் என்று கேளுங்கள். கிளப் டிரஸ்ட் பெயரைச் சொன்னால் சரி. "என் பேருக்கே ஜிபே பண்ணிடுங்க, நான் கட்டிடறேன்" என்றால், எவ்வளவு நல்ல மனிதராக இருந்தாலும் அனுப்பாதீர்கள்.

ரசீது தருவீங்களா? வரி குறையுமா?

ரசீது கண்டிப்பாக உண்டு. வரிக்கழிவு வேண்டுமானால் அந்த டிரஸ்டுக்கு 80ஜி பதிவு இருக்க வேண்டும், எல்லா கிளப்புக்கும் இருக்காது, கேட்டுக்கொள்ளுங்கள். ஒருவர் கொடுப்பது 2,000 ரூபாய்க்கு மேல் போனால் ரொக்கமாகக் கொடுத்ததற்குக் கழிவு கிடைக்காது, வங்கி வழியாகத்தான் கொடுக்க வேண்டும். பான் எண்ணும் கொடுக்க வேண்டியிருக்கும். புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு இந்தக் கழிவே கிடையாது, இதைத் தெரியாமல் மார்ச் மாதக் கடைசியில் அவசரமாகக் கொடுத்துவிட்டு ஏப்ரலில் எங்களிடம் கோபிக்கிறவர்கள் உண்டு.

எங்க ஸ்கூலுக்கு ஒரு ஆர்.ஓ. மெஷின் வேணும் சார், யாரைப் பார்க்கணும்?

யாரைப் பார்ப்பது என்பதற்கு முன்னால், உங்கள் பள்ளிக்கு ஆர்.ஓ. வேண்டுமா என்று பார்க்க வேண்டும். மாநகராட்சிக் குழாயில் வருவது மேட்டூர்க் காவிரித் தண்ணீர், அதில் உப்பு குறைவு. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது என்பது இந்தியத் தர அளவு. அதற்குள் இருந்தால் ஆர்.ஓ. வீண், சாதா வடிகட்டியும் கிருமி நீக்கும் விளக்கும் போதும். போர் தண்ணீர் மட்டுமே உள்ள பள்ளி என்றால் சரி, தேவைதான். அளக்கிற கருவி பேனா அளவுதான் இருக்கும், எங்களில் ஒருவரை வரச்சொன்னால் ஐந்து நிமிட வேலை. ஆர்.ஓ. ஒரு குடம் நல்ல தண்ணீர் தருவதற்கு அதைவிட அதிகத் தண்ணீரைச் சாக்கடைக்கு விடும் என்பதையும் தலைமையாசிரியர் யோசிக்க வேண்டும்.

தேவை என்று உறுதியானால், தலைமையாசிரியர் கடிதமும் பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானமும் கொடுங்கள். அரசுப் பள்ளி என்றால் கல்வித்துறை அனுமதியும் வேண்டும். 2022 டிசம்பரில் அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' வழியாகவும் பள்ளிக்கு என்ன வேண்டும் என்று பதியலாம். அதில் பழைய மாணவர்களே நேரடியாகக் கொடுக்க முடியும், கிளப்புக்குக் காத்திருக்க வேண்டாம்.

அப்புறம் மெஷின் வைப்பது சின்ன செலவு. ஆறு மாதம், ஒரு வருடத்துக்குள் முன்வடிகட்டிகளை மாற்ற வேண்டும், இரண்டு மூன்று வருடத்தில் உப்பைப் பிரிக்கும் சவ்வான மெம்பரேனை மாற்ற வேண்டும். அந்தப் பணம் யாருடையது என்று எழுதி வைக்காத பள்ளியில், திறப்பு விழா ரிப்பன் வெளுப்பதற்குள் மெஷின் மேல் சாக்குத்துணி போர்த்தியிருக்கும். மூன்று வருடப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்காத கிளப்பிடம் மெஷின் வாங்காதீர்கள் என்று கிளப்காரனாக இருந்துகொண்டே சொல்கிறேன்.

நோட்டுப் புத்தகம், டிபன் இதெல்லாம் குடுத்தா போதுமே, எதுக்கு பெருசா யோசிக்கிறீங்க?

நோட்டு, பாடப்புத்தகம், சீருடை எல்லாம் அரசே தருகிறது. 2022 செப்டம்பர் முதல் காலை உணவுத் திட்டமும் வந்துவிட்டது. இருப்பதையே மறுபடி கொடுத்துவிட்டுப் போட்டோ எடுத்துக்கொள்வதைவிட, பெண் பிள்ளைகள் கழிப்பறைக்குத் தண்ணீர் வருகிறதா, தாழ்ப்பாள் விழுகிறதா என்று பார்ப்பது மேல். தாழ்ப்பாள் செலவு ஒரு பொன்னாடை விலைகூட வராது. கழிப்பறை கட்டிக் கொடுங்கள் என்று கேட்பவர்களிடம் நாங்கள் திருப்பிக் கேட்பதும் ஒன்றுதான், தினமும் கழுவப்போவது யார், அவருக்குச் சம்பளம் யார் தருவது.

கண் முகாம்லயே ஆபரேஷன் பண்ணிடுவீங்களா?

மாட்டோம், பண்ணவும் கூடாது. பள்ளிக்கூடத்திலும் கல்யாண மண்டபத்திலும் தற்காலிகமாகக் கட்டில் போட்டு அறுவை செய்து கிருமித் தொற்றில் பலர் பார்வை இழந்த சம்பவங்கள் நாட்டில் நடந்திருக்கின்றன. முகாமில் பரிசோதனை மட்டும். கண்புரை என்று தெரிந்தால், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்து, சரியாக இருந்தால் கண் மருத்துவமனைக்கு பஸ்ஸில் கூட்டிப்போவார்கள். அறுவை அங்கே. திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள், ஒரு மாதம் கழித்து மறுபரிசோதனை.

கிளப் செய்வது டாக்டர் வேலை கிடையாது. இடம் பிடிப்பது, ஆட்டோவில் மைக் கட்டி ஊருக்குச் சொல்வது, வந்தவர்களுக்கு டோக்கன், சாப்பாடு, கூட வர ஆள் இல்லாத பாட்டிக்குத் துணைக்கு ஓர் ஆள், அப்புறம் யாரும் விரும்பாத அந்த ஒரு மாதம் கழித்த மறுபரிசோதனைக்குப் பட்டியலை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போன் போடுவது. ஒரு முகாமில் படிக்கத் தெரியாதவர்களுக்கான அட்டையைக் காட்டி, கோடு எந்தப் பக்கம் திறந்திருக்கு, கையால் காட்டுங்க ஆயா என்று ஒரு பெண் டாக்டர் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த அம்மா அட்டையைப் பார்க்கவே இல்லை, "அது கெடக்குது சாமி, அரிசியில கல்லு தெரியமாட்டேங்குது" என்றார். அந்தப் பெண் டாக்டர் சிரித்துவிட்டு, கேஸ் தாளில் அதையும் எழுதிக்கொண்டார்.

ஏற்காட்டு மலைக் கிராமங்களுக்கு ஏன் அடிக்கடி வர்றதில்லை? கீழேயேதான் முகாமா?

நியாயமான கோபம். ஏற்காடு டவுன் வரை எல்லோரும் வருகிறார்கள், அதைத் தாண்டி சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடி ஊர்களுக்குள் போகிறவர்கள் குறைவு. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்த டாக்டர் குழுவுக்கு, அதற்கு மேல் ஒற்றையடி ரோட்டில் இன்னொரு மணி நேரம் என்றால் தயக்கம் வருகிறது. நாள் குறிப்பதிலும் தப்பு நடக்கிறது. கீழே இருப்பவர்கள் தங்கள் வசதிக்கு டிசம்பர், ஜனவரி என்று வைப்பார்கள், காப்பிப் பழம் பறிக்கும் காலம் அது. அன்றாடக் கூலியை விட்டுவிட்டு யாரும் கண் காட்ட வரமாட்டார்கள்.

அறுவைக்குக் கீழே கூட்டிப்போவதென்றால் நோயாளிக்குச் சில நாள் கூலி போகும், துணைக்கு வருகிறவருக்கும் போகும். பஸ் பழக்கமில்லாத வயதானவர்களுக்கு வளைவுகளில் வாந்தி வரும், அறுவை முடிந்த கண்ணோடு வாந்தி எடுப்பது நல்லதல்ல, அதனால் திரும்பும்போது மாத்திரை கொடுத்து மெதுவாக ஓட்ட வேண்டும். வீட்டில் விறகடுப்புப் புகை. சொட்டு மருந்தை வாரக்கணக்கில் விட வேண்டும், யார் விடுவது? நல்லபடியாக நடந்த மலை முகாம்களில் எல்லாம் அந்த ஊர்க்காரர் ஒருவர், கிராமச் செவிலியரோ அங்கன்வாடி அம்மாவோ, பொறுப்பெடுத்திருப்பார். அப்படி ஒருவர் இருந்தால் எங்களைக் கூப்பிடுங்கள். இல்லாமல் கம்பளி கொடுத்துவிட்டு இறங்கி வருவதற்கு மலை ஏற வேண்டியதில்லை.

அவசரமா ரத்தம் வேணும், கிளப்புல கேட்டா கிடைக்குமா?

ரத்தம் கிளப்பிடம் இருக்காது, உரிமம் பெற்ற ரத்த மையத்தில்தான் இருக்கும். எங்களிடம் இருப்பது கொடுக்கத் தயாரான ஆட்களின் பட்டியல். எந்தப் பிரிவு, எத்தனை யூனிட், எந்த ஆஸ்பத்திரி, நோயாளி பெயர், டாக்டர் சீட்டு, இவ்வளவும் சொன்னால் தேடித் தருவோம். 'அர்ஜென்ட் பிளட்' என்று மட்டும் வாட்ஸ்அப்பில் வரும் செய்தியை யாரும் நம்புவதில்லை, பழைய செய்தி வருடக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கும்.

கொடுக்க விரும்புகிறவர்களுக்கு: வயது 18 முதல் 65, எடை 45 கிலோவாவது, ஹீமோகுளோபின் 12.5. ஆண்கள் 90 நாளுக்கு ஒருமுறை, பெண்கள் 120 நாளுக்கு ஒருமுறை. பச்சை குத்தியிருந்தால் ஒரு வருடம் பொறுக்க வேண்டும். சிவப்பணுக்களை ஐந்தாறு வாரம் வைத்திருக்கலாம், தட்டணுக்கள் ஐந்தே நாள். அதனால்தான் தலைவர் பிறந்தநாள், தலைவர் கல்யாணநாள் என்று ஒரே மாதத்தில் மூன்று முகாம் போட்டுவிட்டு, கல்லூரி மூடிக்கிடக்கும் மே மாதத்தில் காணாமல் போவதில் பிரயோஜனமில்லை.

அப்பா கண்தானம் எழுதிக் குடுக்கலை, இப்ப இறந்துட்டாரு. குடுக்க முடியுமா?

முடியும். குடும்பத்தினர் சம்மதித்தால் போதும். ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும், அதனால் சொந்தக்காரர்களுக்குச் சொல்வதற்கு முன்னால் கண் வங்கிக்குச் சொல்லுங்கள். அவர்கள் வரும்வரை இமையை மூடி, மேலே ஈரப்பஞ்சு வைத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு, தலையணை வைத்துத் தலையைக் கொஞ்சம் உயர்த்தி வையுங்கள். இருபது நிமிட வேலை, முகம் மாறாது. கண்ணாடி போட்டவர், சர்க்கரைக்காரர், கண்புரை அறுவை செய்தவர் எல்லோரும் கொடுக்கலாம். எய்ட்ஸ், மஞ்சள் காமாலை வைரஸ், வெறிநாய்க்கடி போன்றவை இருந்தால் எடுக்கமாட்டார்கள்.

எல்லாமே போட்டோவுக்குத்தானே?

ஓரளவுக்கு ஆமாம். கிளப் செய்த வேலையை மாவட்டத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும், அதற்குப் படம் வேண்டும், பணம் கொடுத்தவருக்கும் காட்ட வேண்டும். ஒரு தையல் மெஷினை எட்டுப் பேர் பிடித்துக்கொண்டு நிற்பதற்கு இது காரணம் ஆகாது. வாங்குகிறவர் முகம் தெரியாமல் எடுக்கலாம், பள்ளிப் பிள்ளைகள் முகத்தை எடுக்காமலே இருக்கலாம். இதைக் கூட்டத்தில் பேசித் தீர்மானமாகவே போட்டுவிட்டால் பிறகு ஒவ்வொரு தடவையும் சண்டை வராது.

போலியோதான் ஒழிஞ்சுபோச்சே, இன்னும் எதுக்கு அதுக்கு வசூல்?

இந்தியாவில் கடைசி நோயாளி 2011 ஜனவரி 13 அன்று மேற்கு வங்க மாநிலம் ஹவுராவில் ஒரு பெண் குழந்தை. 2014 மார்ச் 27 அன்று தென்கிழக்கு ஆசியாவையே போலியோ இல்லாத பகுதியாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஆனால் பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் இன்னும் போகவில்லை. ஒரு நாட்டில் இருக்கும்வரை விமானம் ஏறி வர முடியும், அதனால்தான் இங்கேயும் சொட்டு மருந்து நிற்கவில்லை. ரோட்டரி 1985-ல் எடுத்த வேலை இது, முடிக்காமல் விடமாட்டார்கள். அக்டோபர் 24 போலியோ தினத்தில் சேலத்தில் நடக்கும் ஊர்வலத்தில் பாதிப் பேர் செல்பி எடுப்பார்கள் என்பதும் உண்மை, முந்தின கேள்வியைப் பாருங்கள்.

வெளிநாட்டுப் பணம் கோடிக்கணக்கில வருதாமே? அதை வெச்சு எல்லாம் பண்ணலாமே?

வருவது உண்டு, இவ்வளவு சுலபமாக வராது. ரோட்டரி அறக்கட்டளையின் பெரிய மானியத்துக்குத் திட்ட மதிப்பு குறைந்தது 30,000 டாலர் இருக்க வேண்டும், வேறு நாட்டுக் கிளப் ஒன்று கூட்டாளியாக வேண்டும், அந்த ஊருக்கு என்ன தேவை என்று முன்கூட்டியே ஆய்வு செய்து எழுதிக் கொடுக்க வேண்டும். டயாலிசிஸ் மெஷின், கண் மருத்துவமனைக் கருவி போன்றவை இப்படி வருபவை.

வெளிநாட்டிலிருந்து நேரடியாக நன்கொடை வாங்க எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் முதலில் புதுடில்லி ஸ்டேட் பேங்க் பிரதானக் கிளையில்தான் இறங்க வேண்டும், வாங்கியதை இன்னொரு அமைப்புக்கு மாற்றிவிடவும் முடியாது. துபாயில் இருக்கும் உங்கள் சித்தப்பா இந்தியப் பாஸ்போர்ட்காரர் என்றால் அவர் தன் சம்பளத்தில் வங்கி வழியாகக் கொடுப்பது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட அத்தை கொடுத்தால் ஆகும். இந்த வித்தியாசம் தெரியாமல் பணம் வாங்கி மாட்டிக்கொள்ளாதீர்கள்.

ஜூலையில தலைவர் மாறிடறாரு. போன வருஷத் திட்டத்தை யார் பார்க்கறது?

மொத்தத்தில் இதுதான் சரியான கேள்வி, ஆனால் கேட்பவர்கள் குறைவு. ஜூலை 1 அன்று எல்லா நாட்டிலும் எல்லா கிளப்பிலும் தலைவர் மாறுவார். புதியவருக்குத் தன் பெயரில் புதிதாக ஒன்று செய்ய ஆசை, கல்வெட்டில் பழையவர் பெயர் இருக்கும் மெஷினுக்கு வடிகட்டி வாங்க ஆசை இருக்காது. மேலே சொன்ன சாக்குத்துணி பாதி இதனால்தான்.

சரியாக நடக்கும் கிளப்புகளில் இதற்கு வழி வைத்திருக்கிறார்கள். அடுத்த தலைவர் ஒரு வருடம் முன்னாலேயே முடிவாகிவிடுவார், பெரிய திட்டத்தில் அவரையும் கையெழுத்துப் போட வைப்பார்கள். திட்டத்தைத் தலைவரிடம் கொடுக்காமல் மூன்று வருடத்துக்கு ஒரே ஆளிடம் கொடுப்பார்கள். ஒரு பள்ளியில் மெஷின் பக்கத்தில் சணல் கயிற்றில் ஒரு நோட்டு தொங்கும். வடிகட்டி மாற்றிய தேதி, வந்தவர் கையெழுத்து, பள்ளிப் பிள்ளை ஒருவரின் கையெழுத்து. ஆசிரியர் கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் பிள்ளையைப் போடவைத்தது யார் யோசனையோ, தேதி தவறினால் அந்தப் பிள்ளைகள் போன் போட்டுத் திட்டுகிறார்கள்.

எலெக்ஷன் நேரத்துல கட்சிக்காரங்களுக்கு வேலை பாப்பீங்களா?

உறுப்பினர் தனியாக எந்தக் கட்சியிலும் இருக்கலாம். கிளப் பெயரில் எந்த வேட்பாளரையும் ஆதரிக்க விதி இடம் தராது. நடத்தை விதி அமலில் இருக்கும் நாட்களில் பொருள் கொடுக்கும் நிகழ்ச்சிகளைத் தள்ளிவைத்துவிடுவோம்.

ஒருத்தர் ஆபரேஷனுக்குத் தனியா உதவி கேட்டா செய்வீங்களா?

செய்வதுண்டு, அதற்கு முன் ஒரு கேள்வி கேட்போம்: முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா? ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை அதில் சிகிச்சை கிடைக்கும். அட்டை எடுக்காமலே கடன் வாங்கத் தொடங்கிவிடுகிறார்கள். பல தடவை நாங்கள் செய்யும் உதவி, ஒரு உறுப்பினர் கூடவே கலெக்டர் ஆபீஸ் போய் அட்டை எடுத்துக் கொடுப்பதுதான். அட்டையில் வராத செலவு, வெளியே வாங்கவேண்டிய மருந்து, இதற்குப் பணம் தேவைப்பட்டால் ஆஸ்பத்திரி கணக்குக்கே கட்டுவோம், கையில் கொடுப்பதில்லை. அதில் வருத்தப்படாதீர்கள்.

சும்மா ஒருநாள் வந்து கூட்டத்தைப் பார்க்கலாமா?

தாராளமாக. தெரிந்த உறுப்பினர் ஒருவரிடம் முந்தின நாளே சொல்லிவிடுங்கள், சாப்பாட்டுக்கு எண்ணிக்கை சொல்ல வேண்டும். விருந்தாளி என்று எழுப்பி அறிமுகம் செய்வார்கள், பெயரும் தொழிலும் சொன்னால் போதும். யாராவது அன்றைக்கே சேர்க்கைப் படிவத்தை நீட்டினால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், நிரப்ப வேண்டாம். இரண்டு கூட்டமும் ஒரு முகாமும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். முகாமுக்கு வரும்போது பழைய செருப்பு போட்டு வாருங்கள், நாற்காலி தூக்க வேண்டியிருக்கும்.